முப்பத்தொன்பதும் நாற்பதும்

பதினோரு வருடத்தில் நாய் என்னைக் கடித்தது
ஒரே ஒருமுறை.
நைரோபி, உமோஜா பக்கம், நீலக் கதவு வீடு.
தண்ணீர் மீட்டர் நாய்க்கூண்டுக்குப் பின்னால் இருந்தது.
ஊசி போட்டார்கள். இரண்டு நாள் விடுப்பு.
மேலாளரே போன் செய்து நலம் விசாரித்தார்.

ஷூ கடிப்பது தினமும்.
அதற்கு ஊசியும் இல்லை, விசாரிப்பும் இல்லை.

இரும்பு மூடியைத் தூக்கி, சேற்றைத் துடைத்து,
சிலந்தியை ஊதி விரட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு
அடுத்த கேட்.
நாளொன்றுக்கு நூற்றெண்பது கேட்.
எந்த வீட்டில் எவ்வளவு ஓடியது என்று எனக்குத் தெரியும்.
நான் எவ்வளவு நடந்தேன் என்று சொல்ல
என் காலில் மீட்டர் இல்லை,
கொப்புளம்தான்.

இதில் இன்னொரு சங்கதி.
என் இடது கால் முப்பத்தொன்பது, வலது நாற்பது.
"கடவுள் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார்"
என்பாள் என் தங்கை பொசிபோரி.
சின்னதை வாங்கினால் வலது அழும்.
பெரியதை வாங்கினால் இடது உள்ளே நீந்தும்.
பஞ்சு வைத்தேன், பழைய சாக்ஸைச் சுருட்டி வைத்தேன்,
ஒரு மாதம் முழுக்க
யாரோ கட்டாமல் விட்ட தண்ணீர் பில்லை
மடித்து வைத்து நடந்தேன்.

நகரத்துக் கண்ணாடிக் கடையில் ஒரு ஜோடி இருந்தது.
அடியில் மெத்தை. ஆறாயிரத்து ஐந்நூறு ஷில்லிங்.
"சும்மா போட்டுப் பாருங்கள்" என்றாள் கடைப்பெண்.
போட்டால் கழற்ற மனம் வராது.
பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று
வராத பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆகவே சனிக்கிழமை, கிகோம்பா சந்தை.
மழை விட்ட சேறு, மூட்டை பிரிக்கும் நேரம்.
எந்தெந்த நாட்டுக் கால்களோ கழற்றிப் போட்டவை
சோப்பு நுரையில் குளித்து
நாடாவோடு நாடா முடிச்சுப் போட்டுக் கிடந்தன.
கிலோன்சோவின் குவியலில், கிட்டத்தட்ட அடியில்,
சாம்பல் நிறத்தில் ஒன்று.
எண் பார்ப்பது என் தொழில்.
நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்: இடது, முப்பத்தொன்பது.
முடிச்சில் தொங்கிய வலதையும் பார்த்தேன்.

சந்தேகமான மீட்டரைப் படிப்பதுபோல்
விரலால் துடைத்து மறுபடி படித்தேன்.
நாற்பது.

கடல் தாண்டி எவனோ
தூக்கக் கலக்கத்தில் கட்டிய முடிச்சு.

காலை விட்டேன்.
பல வருடமாய் முனகிக்கொண்டிருந்த இரண்டும்
சட்டென்று வாயை மூடிக்கொண்டன.

இனி முகம்தான் பிரச்சினை.
சிரித்தால் நூறு ஷில்லிங் ஏறும்.
முகத்தைச் சுளித்து நாலடி நொண்டினேன்.
"இது ஜோடியே இல்லையே கிலோன்சோ!
ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. எந்தப் பைத்தியம் வாங்கும்?"
எண்களைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.
"எண்ணூறு சொன்னது. அறுநூறு கொடு."
"இருநூறு."
"ஐந்நூறு."
உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலடி நொண்டினேன்.
முந்நூற்றைம்பதில் வந்து நின்றது.

போனில் பணம் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டதும்
அவன் சாவகாசமாய்ச் சொன்னான்:
"கெமுன்ட்டோ, முதல் தடவை வலது கால் நொண்டினாய்.
இரண்டாம் தடவை இடது."

மாட்டிக்கொண்டவள் செய்வதைச் செய்தேன்.
பேச்சை மாற்றினேன்.
"அப்படியானால் இடது நாற்பது, வலது முப்பத்தொன்பது என்று
இன்னொரு ஜோடி எங்கேயோ கிடக்குமே,
அதை என்ன செய்வார்கள்?"
"அதற்கும் ஒருத்தி நொண்டிக்கொண்டு வருவாள்" என்றான்,
அடுத்த மூட்டையின் கயிற்றை அறுத்தபடி.

திங்கட்கிழமை நூற்றெண்பது கேட்டும் முடிந்தது.
நீலக் கதவு வீட்டு நாய் குரைத்தது, வழக்கம்போல.
மாலையில் உகாலி கிண்டினேன், கீரை வதக்கினேன்,
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டேன்.
இரவு பத்து மணிக்கு, கட்டிலில் ஏறப் போகும்போது
பொசிபோரி கத்தினாள்:
"அடியே, ஷூவோடவா படுக்கிறாய்?"

குனிந்து பார்த்தேன்.
ஆமாம்.